துவரம்பருப்பு கிராமுக்கு 18 பைசா, கிலோவுக்கு 186 ரூபாய்: எது மலிவு? பாக்கெட் விலையில் எங்கே குழப்பம்?

ஞாயிற்றுக்கிழமை மாலை. புனேயில் ஹிஞ்சவடியிலோ வாகடிலோ கராடியிலோ இருக்கும் ஏதோ ஒரு சூப்பர் மார்க்கெட். மாத மளிகை வாங்க வந்திருக்கிறீர்கள். பருப்பு அடுக்கில் ஒரே பிராண்டின் மூன்று துவரம்பருப்பு பாக்கெட்டுகள் இருக்கின்றன. அரை கிலோ 92 ரூபாய். ஒரு கிலோ 178 ரூபாய். இரண்டு கிலோ 372 ரூபாய். (இந்தக் கட்டுரையில் வரும் பாக்கெட் விலைகள் எல்லாம் கணக்குக்காக எடுத்துக்கொண்டவை. கணக்கு போடும் முறைதான் சட்டத்தில் உள்ளது.)

‘பெருசா வாங்கினா லாபம்’ என்று சின்ன வயதிலிருந்தே கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அதனால் கை தானாகவே இரண்டு கிலோ பாக்கெட்டுக்குப் போகும். ஒரு நிமிடம் நின்று பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தால், எம்.ஆர்.பி.க்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் இன்னொரு விலை தெரியும். அரை கிலோ பாக்கெட்டில் ‘யு.எஸ்.பி. ரூ.0.18/கிராம்’. இரண்டு கிலோ பாக்கெட்டில் ‘யு.எஸ்.பி. ரூ.186/கிலோ’. ஒரு கிலோ பாக்கெட்டில் அப்படி ஒன்று இல்லவே இல்லை.

இப்போ சொல்லுங்கள், எது மலிவு?

0.18-ஐ ஆயிரத்தால் பெருக்கினால் 180. ஆக, அரை கிலோ பாக்கெட்டின் விலை கிலோவுக்கு 180 ரூபாய் என்று தோன்றும். ஆனால் 92-ஐ இரண்டால் பெருக்கிப் பாருங்கள், 184. அந்த நான்கு ரூபாய் எங்கே போனது? இரண்டு கிலோ வாங்கினால் 372 ரூபாய். ஒரு கிலோ பாக்கெட் இரண்டு வாங்கினால் 356. பெரிய பாக்கெட் எடுத்ததற்காக 16 ரூபாய் கூடுதலாகக் கொடுக்கிறோம். மூன்று பாக்கெட்டுகளிலும் சட்டப்படி அச்சிட வேண்டியது சரியாகவே இருக்கிறது. ஆனாலும் கால்குலேட்டர் இல்லாமல் விடை கிடைக்கவில்லை.

சட்டத்தை மீறாமலேயே இந்தக் குழப்பம் எப்படி வருகிறது என்பதுதான் விஷயம்.

யு.எஸ்.பி. என்றால் என்ன?

‘யூனிட் சேல் பிரைஸ்’ என்பதன் சுருக்கம். தமிழில் அலகு விலை எனலாம். ஒரு கிராம், ஒரு கிலோ, ஒரு மில்லி லிட்டர், ஒரு லிட்டர் என ஏதாவது ஓர் அலகுக்கு அந்தப் பொருள் என்ன விலை என்பதைச் சொல்லும் எண்.

இந்தியாவில் பாக்கெட்டில் என்னென்ன அச்சிட வேண்டும் என்பதைச் சொல்வது, சட்டமுறை எடையளவு (பொட்டலப் பொருட்கள்) விதிகள், 2011. அதில் 2021 நவம்பர் 2 அன்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறை ஒரு திருத்தம் கொண்டுவந்தது. அலகு விலையை அச்சிடுவது கட்டாயம் என்றது அந்தத் திருத்தம். 2022 ஏப்ரலில் அமலாகியிருக்க வேண்டும். அவகாசம் தள்ளிக்கொண்டே போனது. கடைசியில், 2024 ஜனவரி 1 முதல் தயாரிப்புத் தேதியும் அலகு விலையும் கட்டாயம் என்று துறை அறிவித்தது.

அதே 2021 திருத்தம் இன்னொரு வேலையும் செய்தது. அதைப் பற்றி அவ்வளவாக யாரும் பேசவில்லை.

எதைக் கொடுத்து எதை வாங்கினோம்?

அதற்கு முன்பு, 19 வகைப் பொருட்களை இன்னின்ன அளவில்தான் பாக்கெட் போட வேண்டும் என்று விதிகளில் ஓர் அட்டவணை இருந்தது. பருப்பு, தானியம், மாவு, உப்பு, டீத்தூள், காபித்தூள், சமையல் எண்ணெய், பிஸ்கட், பிரெட், சோப்பு எல்லாம் அதில் உண்டு. 200 கிராம், 500 கிராம், 1 கிலோ, 2 கிலோ என்று முழு எண்களாக இருக்கும். அளவு ஒன்றாக இருந்தால் விலையை மட்டும் பார்த்தால் போதும். அரை கிலோவுக்கு இவன் 92, அவன் 95. கணக்கு முடிந்தது.

2021 திருத்தம் அந்த அட்டவணையையே எடுத்துவிட்டது. 180 கிராமோ, 435 கிராமோ, 850 கிராமோ, நிறுவனங்கள் தங்கள் விருப்பப்படி பாக்கெட் போடலாம். அதற்குப் பதிலாகத்தான் அலகு விலை வந்தது. ‘பாக்கெட் அளவு மாறினால் என்ன, அலகு விலையைப் பார்த்து ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்’ என்பதுதான் நமக்குச் சொல்லப்பட்ட சமாதானம்.

யோசனை தவறில்லை. பத்து ரூபாய் மிக்சர் பாக்கெட் விலை மாறாமல், எடை மட்டும் 50 கிராமிலிருந்து 42 கிராமாகக் குறைகிறது என்று வைத்துக்கொள்வோம். முன்பக்கத்தில் எதுவும் மாறியிருக்காது. அலகு விலை மட்டும் 0.20-லிருந்து 0.24 ஆகியிருக்கும். காட்டிக்கொடுக்க அந்த ஒரு எண்தான் இருக்கிறது.

ஆனால் இந்தப் பேரத்தில் நிறுவனங்களுக்கு வர வேண்டியது முழுசாக வந்துவிட்டது. நமக்கு வர வேண்டியது பாதிதான் வந்திருக்கிறது. எப்படி என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

சிக்கல் 1: ஒரு கிலோவில் அலகு மாறுகிறது

விதி இதுதான்: பாக்கெட் ஒரு கிலோவுக்குக் குறைவாக இருந்தால் ஒரு கிராமுக்கு விலை போட வேண்டும், ஒரு கிலோவுக்கு மேல் இருந்தால் ஒரு கிலோவுக்கு விலை போட வேண்டும். திரவம் என்றால் மில்லி லிட்டர், லிட்டர். எண்ணிக்கையில் விற்பவை என்றால் ஒன்றுக்கு. எம்.ஆர்.பி.யும் அலகு விலையும் ஒன்றாகவே இருந்தால் தனியாகப் போட வேண்டியதில்லை. சரியாக ஒரு கிலோ பாக்கெட்டில் அது இல்லாமல் போவதற்குக் காரணம் இந்தக் கடைசி வரி.

ஆக, 900 கிராம் பாக்கெட் ஒரு மொழி பேசுகிறது, 1.5 கிலோ பாக்கெட் வேறு மொழி பேசுகிறது. நாம் ஒப்பிடுவதோ சின்ன பாக்கெட்டையும் பெரிய பாக்கெட்டையும்தான். எந்த இடத்தில் உதவி தேவையோ, சரியாக அந்த இடத்தில் அலகு மாறிவிடுகிறது.

சிக்கல் 2: இரண்டு தசமத்தில் காணாமல் போகும் காசு

இதுதான் பெரிய ஓட்டை. அலகு விலையை இரண்டு தசம இடங்களுக்கு முழுமையாக்கிப் போடச் சொல்கிறது விதி. கிலோவுக்கு விலை போடும்போது பிரச்னையே இல்லை. கிராமுக்குப் போடும்போதுதான் இடிக்கிறது.

இரண்டு உப்பு பாக்கெட்டுகளை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டுமே அரை கிலோ. ஒன்று 13 ரூபாய், இன்னொன்று 17 ரூபாய். முதலாவது கிராமுக்கு 0.026; முழுமையாக்கினால் 0.03. இரண்டாவது கிராமுக்கு 0.034, முழுமையாக்கினால் அதுவும் 0.03! கிலோவுக்கு 26 ரூபாய் உப்பும் 34 ரூபாய் உப்பும் லேபிளில் ஒரே விலை. 30 சதவீத வித்தியாசம் அப்படியே மறைந்துபோகிறது.

கிராமுக்கு இரண்டு தசமம் என்றால், கிலோவுக்கு ஐந்து ரூபாய் வரை முன்னே பின்னே போகலாம் என்று அர்த்தம். கிலோ 600 ரூபாய் விற்கும் காபித்தூளில் ஐந்து ரூபாய் ஒரு சதவீதம்கூட இல்லை. கிலோ 30 ரூபாய் உப்பில் அது ஆறில் ஒரு பங்கு. ரவை, மைதா, கோதுமை மாவு, சர்க்கரை, அவல் எல்லாமே இந்தக் குறைந்த விலைப் பக்கம்தான். விலை உயர்ந்த பொருளுக்கு இந்த எண் துல்லியமாக வேலை செய்கிறது; எல்லோர் வீட்டிலும் தினமும் புழங்கும் பொருளுக்கு மழுங்கிப்போகிறது. அதுவும் மொத்தமாக வாங்க வசதியில்லாமல் கால் கிலோ, அரை கிலோ என்று வாங்குபவருக்குத்தான் இந்த மழுங்கிய எண்.

2025 செப்டம்பர் 22-இல் ஜி.எஸ்.டி. குறைந்ததே, அப்போதும் இதே கதைதான். மிக்சர், சிப்ஸ் வகையறாக்களுக்கு வரி 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. பத்து ரூபாய் பாக்கெட்டின் விலையை மாற்றாமல் எடையைக் கூட்டித் தருவது நிறுவனங்களுக்கு வசதி. 50 கிராம் இருந்த பாக்கெட்டில் வரிக் குறைப்பு முழுவதையும் தர வேண்டுமென்றால் சுமார் 53.3 கிராம் போட வேண்டும். முழுசாகக் கொடுத்தார்களா என்று லேபிளில் பார்க்கலாமா? 52 கிராம் போட்டாலும் அலகு விலை 0.19. 54 கிராம் போட்டாலும் 0.19. அரைகுறையாகக் கொடுத்தவரும் அள்ளிக் கொடுத்தவரும் அங்கே ஒன்றுதான்.

சிக்கல் 3: எடையா, அளவா?

சமையல் எண்ணெய் வாங்கும்போது இது வரும். ஒரு பாக்கெட் 1 லிட்டர், 150 ரூபாய். பக்கத்தில் இன்னொன்று 850 கிராம், 142 ரூபாய். முதலாவதில் லிட்டருக்கு விலை, இரண்டாவதில் கிராமுக்கு விலை. பார்த்தவுடன் எட்டு ரூபாய் குறைவு என்று இரண்டாவதை எடுப்போம். எண்ணெய் தண்ணீரை விட லேசானது. ஒரு லிட்டர் எண்ணெய் சுமார் 910 கிராம்தான் இருக்கும். அப்படிப் பார்த்தால் முதல் பாக்கெட் கிலோவுக்கு சுமார் 165 ரூபாய், இரண்டாவது 167. விலை குறைவாகத் தெரிந்த பாக்கெட்தான் கூடுதல் விலை.

இதில் இன்னொரு வேடிக்கையும் நடந்தது. எண்ணெய் சூடானால் விரியும். 60 டிகிரியில் அளந்தால் குறைந்த எண்ணெயே ஒரு லிட்டர் பிடித்துவிடும். ஒரு லிட்டர் சோயா எண்ணெய் 21 டிகிரி செல்சியஸில் 919 கிராம், 60 டிகிரியில் 892.6 கிராம் என்று அரசே 2022 ஆகஸ்டில் விளக்கியது. பாக்கெட்டில் வெப்பநிலையைக் குறிப்பிடக் கூடாது, அளவோடு எடையையும் சேர்த்துப் போட வேண்டும் என்று உத்தரவிட்டு, 2023 ஜனவரி 15 வரை அவகாசம் கொடுத்தது. அதனால் இப்போது லிட்டர் பாக்கெட்டிலும் கிராம் கணக்கு இருக்கிறது. ஒப்பிடுவதற்கு நம்ப வேண்டியது அதைத்தான்.

சிக்கல் 4: அது எம்.ஆர்.பி. கணக்கு, பில் கணக்கு அல்ல

அலகு விலை பாக்கெட்டில் அச்சாவது தொழிற்சாலையில். அங்கே தெரிந்தது எம்.ஆர்.பி. மட்டும்தான். கடையில் நாம் கொடுப்பதோ வேறு விலை. ‘20 சதவீதம் தள்ளுபடி’, ‘இரண்டு வாங்கினால் 49 ரூபாய் மிச்சம்’, ‘மெம்பர் விலை’ என்று அடுக்கில் தொங்கும் அட்டைகள் எதுவும் அந்தப் பொடி எழுத்துக்குத் தெரியாது. அரை கிலோ பாக்கெட்டுக்குத் தள்ளுபடி இருந்து இரண்டு கிலோவுக்கு இல்லையென்றால், லேபிளில் இருக்கும் ஒப்பீடு தலைகீழாகிவிடும். கடை அடுக்கில், அன்றைய விற்பனை விலைக்கு அலகு விலை போட்டே ஆக வேண்டும் என்று நம்மூர் விதிகளில் இல்லை.

விதியே எட்டாத இரண்டு ஓரங்கள்

ரொம்பச் சின்ன பாக்கெட், ரொம்பப் பெரிய மூட்டை இரண்டுமே இந்தக் கணக்குக்கு வெளியே நிற்கின்றன. தமிழர்களுக்கு இரண்டுமே பழக்கமான கதை.

10 கிராம் அல்லது 10 மில்லி லிட்டர் வரையிலான பாக்கெட்டுகளுக்கு விதிகளில் விலக்கு உண்டு. ஷாம்பு சாஷே பெரும்பாலும் இந்த வகைதான். சாஷேவில் ஷாம்பு விற்கும் யோசனையைப் பிரபலமாக்கியவர் கடலூரைச் சேர்ந்த சின்னி கிருஷ்ணன். அவர் மகன் சி.கே. ரங்கநாதன் 1983-இல் தொடங்கிய தொழிலிலிருந்து வந்ததுதான் ‘சிக்’ ஷாம்பு. பல பிராண்டுகளில் இன்றும் பாட்டிலை விட சாஷேதான் மில்லி லிட்டருக்கு மலிவு. ‘பெருசா வாங்கினா லாபம்’ என்ற பழமொழி உடையும் இடம் இது. ஆனால் அதைக் காட்டும் எண் சாஷேவில் இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

இன்னொரு ஓரம், 26 கிலோ அரிசி மூட்டை. 2022 ஜூலை 18 முதல், லேபிள் ஒட்டி பாக்கெட் செய்த அரிசிக்கு 25 கிலோ வரை 5 சதவீத ஜி.எஸ்.டி. வந்தது. உடனே தமிழ்நாட்டுக் கடைகளில் 25 கிலோ பொன்னி மூட்டை 26 கிலோ ஆனது. வரி போனது, கூடவே, 25 கிலோவுக்கு மேற்பட்ட மூட்டை என்பதால் பொட்டல விதிகளின் பிடியிலிருந்தும் அது வெளியே போனது. எல்லா அளவு சில்லறைப் பொட்டலங்களையும் விதிக்குள் கொண்டுவர 2024 ஜூலையில் மத்திய அரசு வரைவு வெளியிட்டது. முன்பு 25 கிலோ வாங்கிய விலையோடு 26 கிலோ விலையை ஒப்பிட, வீட்டில் இருக்கும் பெரியவர்கள் மனக்கணக்குதான் போட வேண்டியிருந்தது.

மற்ற நாடுகளில் எப்படி?

ஐரோப்பிய ஒன்றியம் 1998-லேயே இதற்குச் சட்டம் போட்டது. விற்பனை விலையோடு, கிலோவுக்கு அல்லது லிட்டருக்கு என்ன விலை என்றும் கடையில் காட்ட வேண்டும் என்பது அடிப்படை. ஆஸ்திரேலியாவில் 2009 முதல் பெரிய மளிகைக் கடைகளுக்கு இது கட்டாயம். அங்கே பெரும்பாலான பொருட்களுக்கு 100 கிராமுக்கு அல்லது 100 மில்லி லிட்டருக்கு விலை. சின்ன பாக்கெட்டுக்கும் பெரிய பாக்கெட்டுக்கும் அதே அலகு. அச்சாகும் இடம் பாக்கெட் அல்ல, அடுக்கு. தள்ளுபடி வந்தால் அட்டையும் மாறும்.

எல்லாம் அங்கே சரியாக இருக்கிறது என்றும் சொல்ல முடியாது. பிரிட்டனில் போட்டி மற்றும் சந்தை ஆணையம் 2023-இல் சூப்பர் மார்க்கெட்டுகளை ஆராய்ந்தது. ஒரே மாதிரிப் பொருட்களுக்கு ஓரிடத்தில் கிலோ, இன்னோரிடத்தில் 100 கிராம் என்று போடுவதையும், சலுகை விலைக்கு அலகு விலை விட்டுப்போவதையும் கண்டது. கடைகள் மட்டுமல்ல, விதிகளே தெளிவாக இல்லை என்றது. நாம் இங்கே படும் பாடும் கிட்டத்தட்ட அதுதான்.

என்ன மாற்றினால் போதும்?

புதுச் சட்டம் எதுவும் தேவையில்லை. கிராமுக்கு என்பதை எடுத்துவிட்டு, எல்லா அளவுக்கும் கிலோவுக்கு அல்லது 100 கிராமுக்கு என்று ஒரே அலகு வைத்தால் முதல் இரண்டு சிக்கல்களும் ஒரே வரியில் தீர்ந்துவிடும். அந்த உப்பு பாக்கெட்டுகளில் 0.03, 0.03 என்பதற்குப் பதிலாக, 100 கிராமுக்கு 2.60, 3.40 என்று இருக்கும். குழந்தைகூட ஒப்பிட்டுவிடும். பெரிய கடைகளும் ஆன்லைன் ஆப்களும் விற்பனை விலைக்கு அலகு விலை காட்ட வேண்டும் என்றால் நான்காவதும் தீரும். பில் போடும் கணினியில் எடையும் இருக்கிறது, விலையும் இருக்கிறது. வகுத்துக் காட்டுவதற்குப் பெரிய தொழில்நுட்பம் வேண்டாம். சில ஆப்கள் ஏற்கெனவே சில பொருட்களுக்கு இதைக் காட்டவும் செய்கின்றன.

அதுவரை நாம் என்ன செய்யலாம்?

- லேபிளில் கிராமுக்கு இருக்கும் விலையை ஆயிரத்தால் பெருக்காதீர்கள்; அது ஏற்கெனவே முழுமையாக்கப்பட்ட எண். பாக்கெட் விலையிலிருந்து கணக்கு போடுங்கள். 500 கிராம் என்றால் இரண்டால், 250 என்றால் நான்கால், 200 என்றால் ஐந்தால் பெருக்கினால் கிலோ விலை வந்துவிடும்.
- 435 கிராம், 850 கிராம் போன்ற அளவுகளுக்குத் தொலைபேசியில் விலையை கிராமால் வகுத்து ஆயிரத்தால் பெருக்குங்கள்.
- எம்.ஆர்.பி.யை அல்ல, நீங்கள் கொடுக்கப்போகும் விலையை எடுத்துக்கொள்ளுங்கள்.
- எண்ணெய், நெய் வாங்கும்போது இரண்டு பாக்கெட்டிலும் கிராமை மட்டும் பாருங்கள்.
- ‘ஒன்று இலவசம்’ காம்போ என்றால் மொத்த எடையைக் கூட்டி, மொத்த விலையை அதால் வகுங்கள்.
- அலகு விலையே அச்சிடவில்லை, எடை குறைகிறது, எம்.ஆர்.பி.க்கு மேல் வாங்குகிறார்கள் என்றால் பாக்கெட்டையும் பில்லையும் படம் எடுத்துக்கொண்டு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள். தமிழிலும் பேசலாம். மகாராஷ்டிராவில் இதற்கெனத் தனி எடையளவுக் கட்டுப்பாட்டாளர் அலுவலகம் உண்டு. ஊருக்குப் போயிருக்கும்போது என்றால், தமிழ்நாட்டில் இது தொழிலாளர் துறையின் பொறுப்பு.

புகார் செய்வது புனேவுக்குப் புதிதல்ல. அகில பாரதிய கிராஹக் பஞ்சாயத்து என்ற நுகர்வோர் அமைப்பை பிந்து மாதவ் ஜோஷி 1974-இல் தொடங்கியது இந்த ஊரில்தான். நாட்டுக்கு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வந்தது அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1986-இல்.

புனேக்கு வந்த புதிதில் காய்கறிக் கடையில் நம்மில் பலர் ஏமாந்திருப்போம். ‘வீஸ் ருபயே பாவ்’ என்பார் கடைக்காரர். தக்காளி கிலோ இருபது ரூபாய் என்று சந்தோஷமாக ஒரு கிலோ போடச் சொன்னால் எண்பது ரூபாய் கேட்பார். ‘பாவ்’ என்றால் இங்கே கால் கிலோ. முதல் நாள் திகைப்பு. இரண்டாம் நாள் பழகிவிடும். ஏனென்றால் மண்டையில் நீங்கள் எந்தக் கடைக்குப் போனாலும் தக்காளிக்கும் பாவ்தான், வெண்டைக்காய்க்கும் பாவ்தான். மண்டை என்றால் பயந்துவிடாதீர்கள், புனேயின் பழைய காய்கறிச் சந்தையை இங்கே அப்படித்தான் சொல்வார்கள்.

மொழி தெரியாத ஊரின் சந்தையில் ஒரே நாளில் விலை ஒப்பிடக் கற்றுக்கொள்கிறோம். ஏசி போட்ட கடையில், இரண்டு தசமம் வரை அச்சிட்ட லேபிளை வைத்துக்கொண்டு முடியவில்லை. எல்லோரும் ஒரே அலகில் பேசினால் போதும் என்பது சந்தைக்காரருக்குத் தெரிந்திருக்கிறது. விதிக்கும் அது தெரிய வேண்டும்.